மாமாவின் விமானத்தில் ஃபேன் சுற்றவில்லை

என் கணவர் கேமரா வாங்கியது கோயில்களைப் படம் பிடிக்க. காஞ்சிபுரத்தில் இதுவரை யார் கண்ணிலும் படாத கோபுரம் ஒன்று தனக்காகக் காத்திருப்பதாக அவர் நம்பினார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்குள் எழுந்து போனார். கோயில் வாசலில் தன்னைப் போலவே ஸ்டாண்டும் கையுமாக நிற்கிற கூட்டத்தைப் பார்த்த பிறகு அந்தப் பக்தி குறைந்தது. கேமராவும் அதன் நீள லென்ஸும் பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

அதை வெளியே எடுத்தவள் நான். எனக்கு விமானம் பிடிக்கும். அதிலும் முன்னால் விசிறி சுற்றுகிற சின்ன விமானங்கள். ஜெட் விமானம் போவதைப் பார்த்தால் பெரிய அதிகாரி கண்ணாடி ஏற்றிய காரில் போவது போலிருக்கும். விசிறி விமானம் பாடுபட்டுப் போகிறது என்பது பார்த்தாலே தெரியும். இதை வீட்டில் சொன்னபோது, "உனக்கு வேற ஆசையே வரலியா?" என்று கேட்டார் கணவர், ஆசைப்பட்டு வாங்கியதைப் பீரோவில் வைத்திருந்தவர்.

புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போடுவது என் வேலை. மயிலின் கழுத்து ஒரு கட்டம் தள்ளிப்போனால் தறியில் அது வாத்தாக இறங்கும். அதனால் எல்லாம் ஊசி முனைபோல் துல்லியமாக இருக்க வேண்டும் என்கிற வியாதி எனக்கு உண்டு. யூடியூபில் ஒரு தம்பி, பறப்பது எதுவானாலும் ஷட்டர் திறந்து மூடும் நேரத்தை நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்தால் அப்படியே உறைந்து நிற்கும் என்று சத்தியம் செய்தான். அவன் சொன்னது மீன்கொத்திக்கு. விமானத்துக்கும் இறக்கை இருக்கிறதே என்று நான் அதையே வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமா முதல்முறையாக விமானம் ஏறினார். மாமா என்பது என் அக்காவின் கணவர். வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். ராஜமுந்திரியில் ஏதோ ஒரு மெஷினைப் பார்த்துவிட்டு வரப் போகிறார் என்பது ஆலைக்கு நெல் கொண்டுவந்த எல்லோருக்கும் தெரியும், நெல்லுக்கும் தெரிந்திருக்கும்.

"நீதான் கேமரா வெச்சுக்கினு சுத்துறியேம்மா. நான் போற பிளைட்ட ஒரு போட்டோ புடிச்சிடு" என்றார்.

விமான நிலையத்தை ஒட்டிக் கொளப்பாக்கத்தில் என் தோழியின் அடுக்குமாடி வீடு இருக்கிறது. அன்று காலை அவள் மொட்டை மாடியில், காயப்போட்ட போர்வைகளுக்கு நடுவே நின்றேன். மாமாவின் விமானம் தரையை விட்டு எழுந்து தலைக்கு மேலே சாய்ந்து போனது. படபடவென்று அழுத்தினேன். வந்த படத்தைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. விமானத்தின் ஒவ்வொரு திருகாணியும் தெரிந்தது. இரண்டு விசிறிகளிலும் ஆறாறு இலைகளை விரல் வைத்து எண்ணலாம். 'மாமா கிளம்பியாச்சு' என்று எழுதிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன்.

அக்கா உடனே கூப்பிட்டாள்.

"என்னாடி இது, ஃபேன் நின்னுக்கினு இருக்குது?"

"சுத்துதுக்கா. கேமரா ரொம்ப வேகமா புடிச்சதால நின்ன மாதிரி தெரியுது."

"வேகமா புடிச்சா வேகமாதானடி தெரியணும்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. கேட்க ஆள் இல்லை. அதற்குள் குழுவில் என் கணவர், பொறியியல் படித்தவர் என்ற உரிமையில், 'மெக்கானிக்கல் ஃபால்ட்டாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார். சித்தப்பா ஒருவர் கைகூப்பும் பொம்மைகளை வரிசையாகப் போட்டார். மாமாவின் போனுக்கு எல்லோரும் அடித்தார்கள். வானத்தில் இருக்கிறவரின் போன் அணைந்துதான் இருக்கும் என்று நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை. அக்கா காமாட்சியம்மனுக்குப் பட்டுப்புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். அதற்கும் நான்தான் டிசைன் போட வேண்டும் என்று அழுகைக்கு நடுவிலும் மறக்காமல் சொன்னாள்.

மாமா பத்திரமாக இறங்கினார். போனைத் திறந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறார். என் படத்தைப் பார்த்திருக்கிறார். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, ஃபேன் சுற்றியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் அனுப்பியது ஒரு குரல் பதிவு.

"நானே சொல்லலாம்னு இருந்தேன். ஏறுன கொஞ்ச நேரத்துல ஒரு மாதிரி அமைதியாயிடுச்சு. பக்கத்துல இருக்கிறவங்க பயப்படக் கூடாதுன்னு நான் காட்டிக்கல."

திரும்பி வரும்போது விமான டிக்கெட்டை விட்டுவிட்டு ரயிலில் வந்தார். வந்த பிறகு கதை வளர்ந்தது. பைலட் காற்றிலேயே மிதக்கவிட்டு இறக்கினார். மாமா மட்டும் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார். ஆதாரமாக என் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, ஆலை அலுவலகத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். என் பெயரையும் மறைக்கவில்லை. "அந்த ஃபேன் நின்ன போட்டோ நீங்க புடிச்சதாமே?" என்று என்னைக் கடைத்தெருவில் கேட்டவர்கள் உண்டு. பல வருடமாகப் போட்ட மயிலுக்கும் அன்னத்துக்கும் கிடைக்காத புகழ் அது.

விசிறி சுற்றியது என்று நிரூபிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். இந்தமுறை கேமராவோடு வந்த கையேட்டைப் படித்தேன். எங்கள் வீட்டில் அதை முதலில் பிரித்தது நான்தான். விசிறி சுற்றுவது தெரிய வேண்டுமானால் ஷட்டரை நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்குக்காவது இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் வெளிச்சம் கொட்டிப் படம் வெளுத்துப்போகும். அதனால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும், வெளிச்சத்தை உறிஞ்சும் அளவான ஐஎஸ்ஓவை அடிப்படிக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, விசிறியோடு சேர்ந்து விமானமும் கலங்கிவிடும். அது கலங்காமலிருக்க, விமானம் போகிற வேகத்திலேயே இடுப்பைத் திருப்பிக்கொண்டே அழுத்த வேண்டும். எனக்கு அதுவரை இடுப்பு என்பது நாற்காலியில் உட்கார்ந்து வலிப்பதற்காக மட்டுமே இருந்தது.

பழகுவதற்குத் தினமும் விமானத்துக்கு எங்கே போவது? ஐயம்பேட்டை சாலையோரம் நின்று ஷேர் ஆட்டோக்களை எடுத்தேன். உடம்பு தெளிவாகவும் சக்கரம் சுற்றுவதாகவும் விழுந்தால் வெற்றி. ஆனால் கேமராவோடு ஒரு பெண் சாலையோரம் நின்றால் அபராதம் போடத்தான் நிற்கிறாள் என்று ஓட்டுநர்கள் தீர்மானித்துவிட்டார்கள். என்னைக் கண்டதும் ஆட்டோக்கள் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தன. ஒருவர் நிறுத்தியே விட்டார்.

"மேடம், ஆளுங்க கொஞ்சம் அதிகமாத்தான் இருக்குது. இங்கியே ரெண்டு பேர எறக்கிட்டுப் போயிர்றேன்" என்றார்.

"இறக்க வேணாம்பா. நீ வேகமா போனா போதும்."

அவர் என்னை இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார். துணைக்கு வந்திருந்த கணவர் புளியமர நிழலிலிருந்து, "ஆட்டோ மோட்ல போட்டு எடேன்" என்று யோசனை சொன்னார். ஆட்டோவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

எத்தனையோ கலங்கிய ஆட்டோக்களுக்குப் பிறகு இடுப்பு சொன்னபடி கேட்கத் தொடங்கியது. மறுபடி கொளப்பாக்கம் மொட்டை மாடிக்குப் போனேன். முதல் விமானம் படத்தில் பாதிதான் விழுந்தது. அடுத்ததில் வால் மட்டும் வந்தது. வெயில் ஏறி, இனி இறங்கிவிடலாம் என்று நினைத்தபோது ஒன்று எழும்பியது. காலை அகட்டி நின்று, அதோடு சேர்ந்து மெல்லத் திரும்பினேன். திரையில் பார்த்தேன். ஜன்னல்கள் தெளிவாக இருந்தன. விசிறிகள் இரண்டும் மெல்லிய வட்டங்களாக, வானம் ஊடே தெரிய, சுழன்றுகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அந்தச் சூடான தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு படத்தை நான்தான் எடுத்தேன் என்று நம்புவதற்கு அந்த நேரம் தேவைப்பட்டது.

பிரிண்ட் போட்டு ஆலைக்கு எடுத்துப் போனேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்குது. ஃபேன் எங்க?"

"சுத்துது மாமா. அதான் தனித்தனியா தெரியல."

"நின்னா தெரியுது, சுத்துனா காணோமா?" என்றவர், வானத்தில் இருந்த ஒரு கறுப்புப் புள்ளியைத் தொட்டார். "இது இன்னா, கழுகா?"

அது கேமராவுக்குள் இருந்த தூசி. துவாரத்தைச் சுருக்கினால் உள்ளே இருக்கிற தூசியெல்லாம் வானத்தில் வந்து நிற்கும். என் கணவரின் கோயில் நாட்களில் உள்ளே போன புண்ணியத் தூசியாக இருக்க வேண்டும். நான் விளக்கி முடிப்பதற்குள் மாமா கணக்கை முடித்துவிட்டார். கழுகு மோதியிருக்கிறது, ஃபேன் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் படமும் லேமினேட் ஆனது. முருகனுக்கு இப்போது இரண்டு பக்கமும் விமானங்கள்.

இதெல்லாம் தெரிந்தும் அக்கா மாமாவோடு விமானம் ஏறினாள். மெஷின் விற்றவர் வீட்டுக் கல்யாணம் ராஜமுந்திரியில். ரயிலில் போகலாம் என்று மாமா சொல்லிப் பார்த்தார். 'ஜன்னல் இருக்கை எனக்கு' என்பது மட்டுமே அக்காவின் பதிலாக இருந்தது. போய் இறங்கியதும் தன் செல்போனில் எடுத்த வீடியோவை அனுப்பினாள். அதில் விசிறியின் இலைகள் வாழைப்பழம்போல் வளைந்து, சில துண்டுகள் தனியே பறந்துகொண்டிருந்தன. பின்னாலேயே போன் வந்தது. நான் பயந்துகொண்டே எடுத்தேன்.

"நீ புடிச்சா நிக்குது, இல்லன்னா காணாம போவுது. நான் புடிச்சா வளைஞ்சு நெளியுது" என்றாள் நிதானமாக. "ஆனா கண்ணால பாத்தேன்டி. வழியெல்லாம் நல்லா சுத்திக்கினுதான் இருந்துச்சு. அப்ப கோளாறு கேமராலதான?"

"ஆமாக்கா."

"அத அன்னைக்கே சொல்றதுக்கு இன்னா?"

திரும்பி வரும்போது சரியாக எடுக்க என்ன செட்டிங் வைக்க வேண்டும் என்று கேட்டாள். இத்தனை நாளில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள். வெளிச்சத்தைக் குறைத்தால் போன் தானாக மெதுவாகப் பிடிக்கும், ஒரு கூலிங் கிளாஸை முன்னால் வைத்து எடு என்றேன்.

மறுநாள் வந்த வீடியோவில் வானம், இறக்கை, மேகம் எல்லாம் டீ நிறத்தில் இருந்தன. நடுவே விசிறி அழகாக, முழு வட்டமாகச் சுழன்றது. இரைச்சலுக்கு நடுவே மாமாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "கண்ணு கூசுதும்மா, என் கண்ணாடிய குடுத்துடு."