கிறேஸ் சாத்திய யன்னல்

கிறேஸ் வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிய கையோடு செய்வது யன்னலைத் திறப்பதுதான். "காத்து வரட்டும்" என்பார்கள். தலையிடியா, காத்து வரட்டும். சுவரில் பூஞ்சணமா, காத்து வரட்டும். பாலையூற்று ஊர்ச் சனத்துக்குக் காற்றைவிடப் பெரிய டொக்டர் கிடையாது. மாரி காலத்தில் அந்தக் காற்று பாதிக் கடலைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

கிறேஸ் யோசித்தாள். யோசிக்காமல் இருக்க அவளால் முடியாது. ஐம்பத்தெட்டு வயது, கலியாணம் கட்டவில்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் டெலிபோன் இணைப்புகளைப் பழுது பார்த்து, அந்தச் சம்பளத்தில் இரண்டு அறை வீடு கட்டியவள். மூன்று மாரியாக மூச்சை இழுக்கிற முட்டு வருத்தம் வேறு. கடைசித் தடவை மூச்செடுக்க முடியாமல் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பி அஞ்சலோ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"அக்கா, அந்த ஈர வீட்டில நீங்கள் இனி இருக்க ஏலாது. வித்துப்போட்டு எங்களோட வந்திருங்கோ. எங்கட கீழறை சும்மாதான் கிடக்குது."

பாசத்தில்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். பாசக்காரனோடு சண்டை பிடிப்பது பெரிய கரைச்சல்.

"அடுத்த நத்தார் வரைக்கும் தவணை தா. அதுக்குள்ள ஒருக்கால் முட்டு வந்தாலும் நானே வீட்டுத் திறப்பைத் தாறன்" என்றாள்.

கோடையிலேயே வேலையைத் தொடங்கினாள். காற்றில் எத்தனை வீதம் ஈரம் என்று போனுக்குச் சொல்கிற, தீப்பெட்டி அளவு சென்சர் ஒன்றைப் படுக்கையறையில் வைத்தாள். குசினிச் சுவரில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன். ஈரம் அறுபத்தைந்தைத் தாண்டினால் ஃபேன் தானாக ஓடவேண்டும் என்று கட்டளை போட்டாள். ஐப்பசியில் மழை தொடங்கியது. ஃபேன் நாள் முழுக்க ஓடியது, ஈரமோ எண்பத்தெட்டு. தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. ஃபேன் உள்ளே இருந்ததை வெளியே தள்ளத் தள்ள, கதவிடுக்கு வழியாக மழைக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. மெஷினுக்கும் அவள் பாலையூற்றுப் புத்தியைத்தான் கொடுத்திருந்தாள்.

தன்னைத்தானே திட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் இன்னொரு சென்சரை மாட்டினாள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் காய்ந்திருந்தால் மட்டும் ஃபேன் ஓடும். இல்லாவிட்டால் யன்னல்கள் சாத்தியிருக்க, புதிதாக வாங்கிய ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடும். அதன் தொட்டியில் சேர்ந்த தண்ணீரைக் காலையில் முற்றத்தில் ஊற்றும்போது அவளுக்கு அப்படியொரு சந்தோசம். என்ர நெஞ்சுக்குள்ள போக இருந்தனீ, இப்ப மண்ணுக்குள்ள போ என்று அதனோடு கதைப்பாள். கார்த்திகை முடிந்தது. முட்டு வரவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் மத்தியானம், மழைத் தூறலில், அஞ்சலோவும் மனைவி தினுஷாவும் பலகாரத்தோடு வந்தார்கள். கதிரையில் இருக்கமுன்னமே அவன் யன்னல் கொண்டியில் கைவைத்தான்.

"என்னக்கா, கல்லறை மாதிரிச் சாத்தி வைச்சிருக்கிறீங்கள். காத்து வரட்டும்."

"திறக்காதை, தம்பி."

திறந்துவிட்டான். ஐம்பத்தாறில் இருந்த ஈரம் எழுபதைத் தாண்டியதும் மேசையில் கிடந்த போன் கீச்சிட்டது. அஞ்சலோ சிரித்தான்.

"மெஷின் சொல்லைக் கேக்கிறீங்கள், தம்பி சொல்லைக் கேக்கமாட்டீங்கள்."

கிறேஸ் அலுமாரியைத் திறந்து, மூன்றாவது சென்சர் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இது உன்ர கீழறையில, கட்டிலுக்குக் கீழ ஒரு கிழமை கிடந்தது. உன்ர மகளின்ர பிறந்தநாளுக்கு வந்தநேரம் வைச்சனான், போன ஞாயிறு பூசை முடிய வந்து எடுத்தனான். எண்பத்தொன்பது வீதம். என்னைச் சுகமாக்கக் கூப்பிட்ட அறை அது."

"அந்தச் சுவர் பூஞ்சணம் பிடிச்சிருக்கெண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்" என்றாள் தினுஷா.

"இவ்வளவு ஈரமெண்டு எனக்குத் தெரியாதக்கா" என்றான் அஞ்சலோ.

"தெரியாமல்தான் என்ர வீட்டை விக்கச் சொன்னனீ. ஓம், மெஷின் சொல்லைக் கேக்கிறன்தான். அது ஒருநாளும் என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லேல்லை."

அவன் கையிலிருந்த சென்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு போய் யன்னலைச் சாத்தி, கொண்டியைப் போட்டான்.

"அந்த உறிஞ்சிற மெஷின் எங்க வாங்கினனீங்கள்?" என்று கேட்டான்.