ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பாத கார்

இந்த ஊரில் பனிக்காலம் வந்துவிட்டால் கார்களின் மூக்கிலிருந்து ஒரு ஒயர் தொங்கும். ராத்திரி அதைச் சுவரில் இருக்கும் பிளக்கில் செருகிவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும். செல்போனுக்குச் சார்ஜ் போடுவதுபோலத் தெரியும், ஆனால் சார்ஜ் எதுவும் ஏறாது. இன்ஜின் விறைத்துப்போகாமல் இருக்க உள்ளே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வின்னிபெக்குக்கு வந்த முதல் டிசம்பரில் எனக்கு இது தெரியாது. காலையில் சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக் கிழவர் வால்டர் வந்து, தொங்கிய ஒயரைக் காட்டி என்னவோ கேட்டார். வண்டியில் ஏதோ அறுந்து தொங்குகிறது என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "பரவாயில்லை, கடையில் கொடுத்து வெட்டிவிடச் சொல்கிறேன்" என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் வீட்டிலிருந்தே நீளமாக ஒரு ஒயரை இழுத்துவந்து அதில் செருகிவிட்டுப் போனார். எனக்கு மானம் போயிற்று.

அந்த வெட்கத்தில்தான் பேட்டரியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிப் போடுகிறவள் நான். எனக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் எனக்கு ஒன்று பிடிபடவில்லை என்றால் தூக்கம் வராது. அடுத்த பனிக்காலத்துக்குள் என் கைப்பையில் கரண்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஒன்று கிடந்தது. கூட வேலை பார்க்கிறவர்களின் வண்டி நின்றுபோனால் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்தப் பெருமையை நான் சிதம்பரத்துக்குப் போன் போட்டு அப்பாவிடம் அளந்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அப்பா துணை தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பங்காளி வகையறா அத்தனை பேரிலும் முதல் கார் அவருடையதுதான். ஓய்வு பெற்ற பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டு, வெள்ளை நிறத்தில் சின்னதாக ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் போவார். பழைய ஆபீஸ் சிநேகிதர்கள் அங்கே ஒரு ஓட்டலில் கூடுவார்கள். காபி குடித்துவிட்டு, பணியில் இருக்கும்போது பேச முடியாததையெல்லாம் பேசிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

போன வருஷத்திலிருந்து அந்த வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது. அப்பா ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே வீடியோவில் கூப்பிடுவார். "பாப்பா, இப்ப சாவியத் திருப்பறேன், நல்லா கேளு." நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். ஒரு 'டக்' கூடக் கேட்காது. பேட்டரி பழசு என்றேன், மாற்றினார்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லையோ என்றேன், பார்த்தார்கள், ஏற்றியது. வண்டி நிற்கும்போது ஏதோ கரண்ட்டைக் குடிக்கிறது என்றேன். மெக்கானிக் அன்பு ஒரு நாள் முழுக்க மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒண்ணுமே லீக் இல்ல, நீங்க வேற" என்றான். அவன் வந்து நின்றால் வண்டி ஒரே திருப்பில் எடுக்கும். அவன் போன மறுவாரம் பிணமாகக் கிடக்கும். நோயும் தெரியாமல் வைத்தியமும் தெரியாமல் எட்டாயிரம் மைலுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு எனக்கு மண்டை காய்ந்தது. ஊருக்குப் போய் இதை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று, துணிமணிக்கு முன்னால் மல்டிமீட்டரைத்தான் பெட்டியில் வைத்தேன்.

தை மாசம் போய் இறங்கினேன். வந்த முதல் ஞாயிறே அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வண்டி கிளம்பவில்லை. லைட் இல்லை, ஹாரன் இல்லை, டேஷ்போர்டு முழுக்க இருட்டு. நான் மீட்டரை எடுக்க உள்ளே ஓடினேன். பெட்டியைக் கவிழ்த்து, துணிகளுக்கு நடுவில் அதைத் தேடி எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்பா வாசலில் நின்று அன்புவுக்கும், பிறகு கடலூர் சிநேகிதர்களுக்கும் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். நான் மீட்டரோடு வரவும் அன்பு பைக்கில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. அவன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி கும்மென்று எடுத்தது.

"என்ன சார், குதிர மாதிரி ஓடுது!" என்று சிரித்தான் அன்பு. அப்பாவுக்கு ஆத்திரம். "நான் இன்னா பொய்யா சொல்றேன்? இவ்ளோ நேரம் செத்துக் கெடந்துச்சிடா!" என்றார். நான் அவர்களைக் கவனிக்கவில்லை. டேஷ்போர்டில் இருந்த சின்னக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு அது பன்னிரண்டே கால் என்று காட்டியது.

"அதுவும் கெட்டுப்போச்சி பாப்பா. வாரா வாரம் நான்தான் திருப்பி வைக்கறேன்" என்றார் அப்பா. அந்த மாதிரி வண்டியில் பேட்டரி இணைப்பை அடியோடு எடுத்துவிட்டு மறுபடி மாட்டினால், கடிகாரம் பன்னிரண்டிலிருந்து ஓட ஆரம்பிக்கும். பேட்டரி பலவீனமோ, சுவிட்ச் கோளாறோ இருந்தால் அப்படி ஆகாது. அப்படியானால் கால் மணி நேரத்துக்கு முன்னால் யாரோ இணைப்பை மாட்டியிருக்கிறார்கள். கால் மணி நேரத்துக்கு முன்னால் நான் உள்ளே பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன், அப்பா வாசலில் போனில் கத்திக்கொண்டிருந்தார். கார் ஷெட் பக்கம் செம்பருத்திப் பூப் பறிக்கிறேன் என்று போனது அம்மா ஒருத்திதான்.

அப்பா தூங்குகிற மத்தியான நேரமாகப் பார்த்து, பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, வண்டி ஒயரப் புடுங்கறது நீதானே?"

மறுப்பாள் என்று நினைத்தேன். கையில் இருந்த தட்டைக் கீழேகூட வைக்கவில்லை. "ஆமாம்டி, நாந்தான். இன்னா இப்ப?"

முதல் தடவை பேட்டரி நிஜமாகவே போயிருந்திருக்கிறது. மாற்றும்போது அன்பு, "இந்த ஒரு நட்ட லூஸ் பண்ணி ஒயரத் தூக்கிட்டா வண்டி அம்பேல்மா" என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறான். அவன் மறந்துவிட்டுப் போன ஸ்பேனர் இவளிடம் தங்கிவிட்டது. சத்தமில்லாமல் பானெட்டைத் திறக்கவும் மூடவும் பழகிக்கொண்டிருக்கிறாள். மெக்கானிக் வருகிறான் என்று தெரிந்ததும் போய் முடுக்கிவிடுவாள்.

"எதுக்கும்மா இந்த வேல?"

"ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். கீரப்பாளையம் தாண்டி ரோட்டுல எடது பக்கமா நெல்லு காய வச்சிருந்தாங்க. ஒரு பொம்பள குனிஞ்சி தள்ளிக்கினு இருந்தா. ஒங்கப்பா நேரா அது மேலயே ஏத்திட்டாரு. அவ எகிறிக் குதிச்சி ஓடலன்னா போயிருப்பாடி. இவரு இன்னா சொல்றாரு தெரியுமா? ரோட்டயே களமாக்கிட்டானுங்கன்னு திட்டிக்கினு வராரு. அங்க ஒரு பொம்பள இருந்தான்னே அவருக்குத் தெரியல. அவ மூஞ்சி எனக்கு இன்னிக்கும் கண்ணுல நிக்குது." அம்மா குழாயை மூடினாள். "அப்புறமா கடலூர் கண்ணு டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனேன். கண்ணுக்குள்ள பிரஷராம். எடது பக்கம் பார்வ ரொம்பக் கொறஞ்சிடுச்சி, வண்டியே ஓட்டக் கூடாதுன்னாரு. வெளிய வந்து, சின்னப் பையனுக்கு இன்னா தெரியும்ன்றாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? அவர்கிட்ட சண்ட போடுவ. போட்டுட்டு போன வச்சிடுவ. அப்புறம் நான்ல இங்க கெடக்கணும்?"

அவள் கழுவி வைத்த தட்டுகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

எப்போதுமே கழற்றிப் போட்டால் சந்தேகம் வரும் என்று, விடியற்காலையில் பால் வாங்கிவர மட்டும் வண்டியை விட்டுக்கொடுப்பாளாம். அப்போதும் கூடவே ஏறிக்கொண்டு, "ஏங்க, சைக்கிளு... ஏங்க, மாடு" என்று இடது பக்கத்தை ஒப்பித்துக்கொண்டே வருவாளாம். கடலூர் ரோட்டில் அப்படி முடியாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது.

வின்னிபெக்கில் இதற்கெல்லாம் ஸ்பேனர் தேவையில்லை. வால்டருக்கு இப்படித்தான் ஆயிற்று. டாக்டர் ஒரு தாள் எழுதினார், லைசென்ஸ் போயிற்று. பெண்டாட்டி பொய் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகள் சண்டை போட வேண்டியதில்லை. எவ்வளவு சுத்தமான ஏற்பாடு என்று வியந்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகும் அவர் தினம் காலையில் வீட்டு வாசலிலேயே வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் மனசு கேட்காமல் கண்ணாடியைத் தட்டி, "எங்கேயாவது போக வேண்டுமா, நான் கூட்டிப்போகிறேன்" என்றேன். புகை வருகிறது என்று புகார் சொல்ல வந்ததாக நினைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு அவசரமாக அணைத்தார். அப்படி இல்லை என்று விளக்க விளக்க இன்னும் அதிகமாக மன்னிப்புக் கேட்டார். கொஞ்ச நாள் அவர் வெளியிலேயே வரவில்லை. பாவி, நான் ஏன் தட்டினேன் என்று இருந்தது.

ஆனாலும் அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். கண்ணைப் பற்றி வாயைத் திறக்காமல், நைசாக, டிரைவர் ஒருத்தரை வைத்துக்கொள்ளலாமே என்றேன். "டிரைவர் வச்சிக்கினு போவறதுக்கு நான் இன்னா மந்திரியா?" என்றார். வண்டிதான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறதே, விற்றுவிடலாமே என்றேன். அப்பா சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார். "வித்துட்டு? இந்த நாலு செவுத்துக்குள்ள உங்கம்மா மூஞ்சியப் பாத்துக்கினு உக்காந்திருக்கறதா? நீ பாட்டுக்கு பிளேன் ஏறிடுவ. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான் பாப்பா." அதற்கு மேல் எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பா வண்டிக்காகத் தவிக்கிறார், அம்மா அந்த வண்டியை நினைத்துத் தவிக்கிறாள், இருவருக்கும் நடுவில் நான் உண்மையை வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். மூன்று பேரும் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு மட்டும் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது. போய்விட்டேன்.

திரும்பி வந்து சில வாரம் ஆகியிருக்கும். இங்கே இன்னும் பனி விடவில்லை. காலை வேலைக்குக் கிளம்ப வண்டியை ஓடவிட்டு, கண்ணாடியில் ஐஸ் கரையட்டும் என்று உள்ளே உட்கார்ந்திருந்தேன். அப்பா வீடியோவில் வந்தார். அங்கே பொழுது சாய்கிற நேரம். பெல்ட் போட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாப்பா, ஒரே திருப்பு! எடுத்துக்கிச்சி!"

"அம்மா எங்கப்பா?"

"ரெண்டு நாளா ஜொரம், படுத்துக் கெடக்கறா. ஜாஸ்தியாயிடுச்சி போல, எழுந்திரிக்கவே இல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி மாத்தர வாங்கியாந்துடறேன்."

அம்மா படுத்துவிட்டாள், ஒயரைக் கழற்ற ஆளில்லை. அப்பாவுக்கு இடது பக்கத்து இருக்கை காலி. பஸ் ஸ்டாண்டு ரோட்டில் அந்த நேரத்தில் டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் சைக்கிளில் கூட்டமாகப் போகும். உங்களுக்குக் கண் தெரியவில்லை அப்பா, இறங்குங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் கண்ணாடியை இறக்கி, போனைப் பானெட் பக்கமாக நீட்டினார்.

"நல்லா கேளு பாப்பா. எப்டி இருக்குது சத்தம்?"

கேட்டேன். ஒரு பிசிறு கிடையாது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக ஓடும் இன்ஜினை நான் கேட்டதில்லை.

"அப்பா, சரியில்லப்பா. உள்ள ஏதோ தட்டுது. ஒடனே ஆஃப் பண்ணுங்க. ஓட்டினீங்கன்னா இன்ஜின் போயிடும்."

போனில் ஷெட்டின் கூரை மட்டும் தெரிந்தது. இன்ஜின் அதே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

"ஆமாம் பாப்பா" என்றார். "எனக்குங்கூட ஒரு மாதிரியாதான் கேட்டுச்சி. மாத்தரைக்கு அன்புவ அனுப்பிக்கறேன்."

முகம் திரையில் வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. பெல்ட்டையும் அவர் கழற்றவில்லை. நான் போனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. என் வண்டியில் கண்ணாடி முழுக்கக் கரைந்து தெரு தெரிய ஆரம்பித்திருந்தது. அங்கே ஓடியது நின்றுவிட்டது, இங்கே என்னுடையது ஓடிக்கொண்டிருந்தது. கியர் போட எனக்குக் கை வரவில்லை.