அகராதியில் அங்கிள்

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் கொண்டுவந்த சொல் கெட்சப். மலேசியாவில் பத்து பாகாட் என்ற ஊரில் எங்கள் வாடகை வீட்டில், ஒரு ஞாயிறு மதியம், அம்மா மீ கோரெங் என்று பிரட்டிய நூடுல்ஸைத் தட்டில் வைத்துக்கொண்டு கெட்சப் பாட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"இத வெள்ளைக்காரன் பேருன்னு நெனைக்கிறியா? ஹொக்கியன் பேரு. மீன ஊற வச்சு எடுக்கிற தண்ணிக்குச் சீனவங்க சொன்னது. அதுதான் மலாய்ல கிச்சாப், இங்கிலீஷ்ல கெட்சப்" என்றார்.

அம்மா சிரித்தாள். அப்பா இறந்த இரண்டு வருடத்தில் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் சந்தேகம் விழுந்தது அந்த நிமிடத்தில்தான்.

அவர் அப்பாவோடு பள்ளியில் படித்தவர். சிங்கப்பூரில் ஓர் அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்க்கிற வேலை. வாரக் கடைசியில் ஊருக்கு வருவார். கல்யாணம் ஆகவில்லை. எங்களோடு இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வாசலில் அவர் செருப்பைப் பார்த்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "சும்மா வர்றவன் சும்மா போக மாட்டான். கண்ணத் தொறந்து வச்சுக்க" என்று என் காதில் ஓதுவாள். பத்து வயதில் எனக்கு வேறு என்ன வேலை? திறந்தே வைத்திருந்தேன்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே பெரிய பிரச்சினையாக இருந்தது. சித்தப்பா என்றேன், அத்தை முறைத்தாள். மாமா என்றேன், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கூடப்பிறந்தவர் ஒருவரும் இல்லாத அம்மாவுக்கு அந்தச் சொல்லோடு என்ன பகை என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் அங்கிள் என்று ஆனது. எங்கள் ஊரில் பள்ளி பஸ் ஓட்டுகிறவரும் அங்கிள், பல் டாக்டரும் அங்கிள். எந்த முறையும் காட்டாத சொல் என்பதால் எல்லாருக்கும் நிம்மதி.

வாரம் ஒரு சொல் வந்தது. பள்ளிக்கூட காம்பவுண்டு என்பது மலாய்க்காரர்கள் கிராமத்துக்குச் சொல்கிற கம்போங்காம். மெர்சிங் துறைமுகத்திலிருந்து தீவுக்குப் போகிற கட்டமரான் படகு நம்முடைய கட்டுமரமாம். வெள்ளைக்காரத் துரை புகைத்த செரூட் நம் சுருட்டாம். இவ்வளவும் நம்மிடமிருந்து போயிருந்தால் நான் ஏன் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிப் பாஸாகிறேன்? எல்லாம் புளுகு என்று முடிவு செய்தேன். ஒரு புளுகைப் பிடித்துவிட்டால் போதும், அவர் வருவது நின்றுவிடும், அம்மா பழையபடி எனக்கு மட்டும் இருப்பாள்.

பள்ளி நூலகத்தில் தலையணை கனத்துக்கு ஓர் இங்கிலீஷ் அகராதி இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் அது எங்கிருந்து வந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். இடைவேளையில் சாப்பிடாமல் போய்ப் புரட்டினேன். கெட்சப் சரி. காம்பவுண்டு சரி. கட்டமரானுக்குத் தமிழ் என்றே போட்டிருந்தது. ஒருவர் எப்போதும் உண்மையே பேசினால் சந்தேகம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடியது.

எரிச்சலில் ஒருநாள் அங்கிள் என்பதையே தேடினேன். லத்தீனில் அது அம்மாவின் சகோதரனைக் குறித்த சொல் என்று போட்டிருந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு, கையில் எழுதிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு அம்மா புதுச் சேலை கட்டியிருந்தாள். அவர் சொல் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு கூடை நிறையப் பழம் கொண்டுவந்திருந்தார். அத்தைக்கு எதிரே உட்கார்ந்து, "அக்கா, உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும்" என்று தொண்டையைச் செருமினார்.

நான் முந்திக்கொண்டேன். "அங்கிள், இன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்றேன். அங்கிள்னா அம்மா கூடப் பொறந்தவர்னு டிக்சனரியில போட்டிருக்கு. அப்ப நீங்க அம்மாவுக்கு அண்ணன்தானே?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பிள்ள வாயில சரியாத்தான் வருது. அண்ணனா வந்து போனா ஊர்ல யாரு என்ன சொல்லப் போறாங்க?"

அவர் என் கையிலிருந்த எழுத்தைக் குனிந்து படித்தார். "சரிதான்லா. நான் இத கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். பிழை பார்க்கிறவரிடமே பிழை கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சமையலறைக்குப் போன அம்மா திரும்பி வர நேரமாயிற்று. டீயை அவர் முன்னால் வைத்தாள். "எடுத்துக்குங்க அண்ணே" என்றாள். அதுவரை அவள் அவரை எந்தச் சொல்லாலும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பேச வந்த விசயத்தை அவர் பேசவே இல்லை.

அதன் பிறகும் எப்போதாவது வந்தார், சொல் எதுவும் இல்லாமல். மூன்று வருடம் கழித்து நான் பெரியவளானபோது, தாய்மாமன் சீர் வைக்க ஆள் யார் என்று கேள்வி வந்தது. "அதான் அண்ணன் இருக்காரே" என்று அத்தைதான் ஆள் அனுப்பினாள். வேட்டி கட்டிக்கொண்டு, பட்டும் வளையலும் வைத்த தட்டோடு வந்தார். என் கழுத்தில் மாலை போட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பட்டில் பார்த்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

"தாய்மாமா, கொஞ்சம் சிரிங்க" என்றார் படம் எடுத்தவர்.

அவர் சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றும் எனக்கு அது பிடிபடவில்லை.