அத்தை போட்ட குலவை

இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் செல்போனில் அமெரிக்க பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தாள். டொமினிக்கன் நாட்டுப் பையன் ஒருவன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டு, மட்டையைச் சுழற்றி வீசித் துள்ளினான்.

"அவுக ஊர்ல இப்படித்தான் கொண்டாடுவாகளாம். அமெரிக்காவுல இதைத் திமிருங்கிறாகம்மா," என்றாள்.

உப்புக்காற்று முகத்திலடித்த சென்னை மைதானம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஏழாம் வகுப்பில், காரைக்குடியிலிருந்து கோகோ ஆடப் போயிருந்தோம். எதிரணியின் கெட்டிக்காரியை நான் விரட்டித் தொட்டதும், துணைக்கு வந்திருந்த அத்தை நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். ஆட்டமே நின்றுவிட்டது.

நடுவர் ஓடிவந்தார். "இது என்ன கோயிலாம்மா? எதிர் டீமைக் கேலி பண்றீங்களா?"

அத்தை அசரவில்லை. "கேலியா? பொங்கப் பானை பொங்குனா குலவை போடுவோம், புள்ளைக செயிச்சாலும் போடுவோம். அந்தப் புள்ளைக செயிச்சா அதுகளுக்கும் போடுறேன், பாத்துக்கிருங்க."

கடைசியில் சென்னைப் பிள்ளைகள்தான் வென்றார்கள். அத்தை சொன்னபடியே போட்டாள், முன்னைவிட நீளமாக. அந்தப் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்கள்.

செல்போனில் வர்ணனையாளர் இன்னும் அந்தப் பையனைக் கண்டித்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியை வைத்துவிட்டுக் குலவை போட்டேன்.

மகள் பதறிப்போனாள். "யாருக்கும்மா?"

"அந்தப் பயலுக்குத்தான். அவுக ஆத்தா அங்குட்டு இல்லையில்ல?"