கப்பல் நின்ற வெள்ளிக்கிழமை

என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று சொல்ல ஒரே ஆள்தான். அவள் தம்பி. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் பெரிய கப்பலில் துணி துவைக்கிற வேலை. ஏறினால் மாதக்கணக்கில் வீடு கிடையாது. பாதியில் இறங்கினால் மறுபடி ஏற்ற மாட்டார்கள்.

எங்கள் பெண்ணுக்குத் திருத்தணியில் மொட்டை போட்டபோது அவன் எந்தக் கடலில் இருந்தானோ தெரியாது. யாரோ தூரத்து உறவு, தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து மடி கொடுத்தார். என் மனைவி அதை மறக்கவில்லை. காது குத்துக்கு நாள் பார்க்கலாம் என்று சொன்னபோதெல்லாம், "அவன் வரட்டும்" என்பாள். பதினோராம் மாதமும் வந்துவிட்டது. இதை விட்டால் மூன்றாம் வயதில்தான்.

அப்போதுதான் போன் வந்தது. அவன் கப்பல் ஒரு நாள் சென்னைத் துறைமுகத்தில் நிற்கப் போகிறது. காலையில் வந்து சாயங்காலம் கிளம்பும். அவனுக்கு வெளியே போக அனுமதி கிடைக்கும். மதியம் இரண்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். தவறினால் வேலை சிக்கல்.

"அக்கா, அன்னிக்கே குத்திடலாம். நான் வந்து மடி குடுத்துட்டு ஓடியாந்துடறேன்."

நான் எட்டாவது வரை போனவன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அடுத்தவன் போட்ட திட்டத்தில்தான் இத்தனை வருடம் ஓடியிருக்கிறேன். அன்றைக்கு நானே போட வேண்டியதாயிற்று.

ரோட்டில் போகலாம் என்றான் ஒரு சிநேகிதன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசையில் ஒரு தடவை மாட்டியவன் அப்படிச் சொல்ல மாட்டான். ரயில்தான் சரி. துறைமுக வாசலில் ஆட்டோ. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி. கவரைப்பேட்டையில் இறங்கினால் பைக். புதுவாயல் தாண்டி எங்கள் அம்மன் கோவில். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும். அதற்குள் குத்தி முடித்துவிட வேண்டும். பகலில் தண்டவாள வேலை இருக்கிறதென்று வண்டிகளைக் குறைத்திருந்தார்கள். திரும்புவதற்கு ஒரே வண்டிதான் சரியாக வந்தது. அடுத்ததைப் பிடித்தால் இரண்டைத் தாண்டிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தது. கப்பலைத் தவிர.

விடிந்ததும் துறைமுக வாசலில் நின்றேன். கப்பல் வந்துவிட்டது, தெரிந்தது. நாலு அடுக்குமாடியை ஒட்டவைத்தது மாதிரி. முதலில் பயணிகள் வந்தார்கள். பஸ் பஸ்ஸாக மகாபலிபுரம் போனார்கள். வேலைக்காரர்களைக் கடைசியில்தான் விட்டார்கள். நாங்கள் பிடிக்க வேண்டிய வண்டி போய்விட்டது. அதற்கு அடுத்ததும் போன பிறகுதான் அவன் வந்தான். இளைத்திருந்தான்.

"மாமா, இன்னா பண்றது? வெளிய போற சீட்டுல முத்திரை குத்தறவன் ஒருத்தன்தான் இருந்தான்."

"ஏறு."

ரயில் ஏறினோம். அவன் சட்டைப்பையில் இருந்த கப்பல் கார்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னேரி தாண்டும்போது என் மனைவி கூப்பிட்டாள்.

"எங்க வந்துக்கினு கீறீங்க?"

சொன்னேன். அவள் பக்கத்தில் பூசாரி மணி அடிப்பது கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

கோவிலில் போய் இறங்கும்போது ராகுகாலம் தொடங்கியிருந்தது. குழந்தை பட்டுப் பாவாடையில் இருந்தது. மாமனை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அழுதது. அவன் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆசாரி ஊசியைப் பையில் வைத்துக் கட்டிவிட்டிருந்தார். புதுவாயலில் சின்ன நகைக்கடை வைத்திருக்கிறவர்.

"இப்ப குத்துங்க" என்றேன்.

"நான் குத்தமாட்டேன்பா. நாளைக்கு காது சீழ் புடிச்சா உங்க பொண்டாட்டி என் கடை வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துவா."

"தூத்துவேன்" என்றாள் அவள்.

பன்னிரண்டு மணிக்குத்தான் ராகு போகும். எங்கள் வண்டி அதற்கு முன்பே. என் பங்காளி ஒருவர் சமாதானம் சொன்னார். தம்பி வந்ததே போதும், குழந்தையைத் தொட்டாயிற்று, அவன் கிளம்பட்டும், பன்னிரண்டுக்கு மேல் நான் மடி கொடுக்கிறேன் என்றார்.

"ஒருவாட்டி எரவல் மடி வாங்கினது போதும்" என்றாள்.

"அக்கா, நான் அடுத்த வண்டிக்குப் போறேன். திட்டுவாங்க, அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தம்பியைப் பார்த்தாள். ஆசாரியைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றினாள்.

"பன்னெண்டு அடிக்கும்போது இவன் வண்டியிலதான இருப்பான்? நாமளும் ஏறுவோம். மடி அங்கியும் மடிதான்."

ஆசாரி சிரித்தார். "ஆடுற வண்டியில காதக் குத்தச் சொன்னா மூக்குல போயி நிக்கும் தாயி."

"வண்டி எங்கனா நிக்கும் இல்ல? அப்ப குத்து."

அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். நிற்காத நாள் கிடையாது. கூட்ஸுக்கு வழி விட நிற்கும். எக்ஸ்பிரஸுக்கு நிற்கும். ஒன்றும் இல்லாமலும் நிற்கும். ஆசாரி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பையை எடுத்தார். சந்தனக் கிண்ணத்தை என் மனைவி முந்தானையில் முடிந்துகொண்டாள். பங்காளி கோபத்தில் வரவில்லை. கவரைப்பேட்டையில் வண்டியைப் பிடித்தோம்.

மீஞ்சூரில் வண்டி நின்றபோது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஆசாரி காதில் சந்தனப் பொட்டு வைத்தார். ஊசி எடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அத்திப்பட்டில் நின்றது. நின்றது நின்றதுதான். பக்கத்துத் தண்டவாளத்தில் கரி ஏற்றிய கூட்ஸ் ஊர்ந்து வந்தது.

"உக்காரு நைனா" என்றார் ஆசாரி. மச்சான் ஜன்னல் ஓரம் சம்மணம் போட்டான். குழந்தையை மடியில் அணைத்துத் தலையைப் பிடித்தான். நான் கால்களைப் பிடித்தேன். ஒரு காது முடிந்தது. குழந்தை கத்திய கத்தலில் பெட்டி முழுக்கத் திரும்பியது. எதிர் சீட்டில் இருந்த அம்மா, "இன்னா கொழந்தய இந்தப் பாடு படுத்தறீங்க?" என்று எழுந்து வந்தாள். சந்தனத்தைப் பார்த்ததும், "காது குத்தா? ரயில்லியா? நல்லா கீதே கூத்து!" என்றாள். பிறகு அவளே நின்று கைதட்டி விளையாட்டுக் காட்டினாள்.

குழந்தை அடங்கவில்லை. தலையை உதறிக்கொண்டே இருந்தது. ஆசாரி காத்திருந்தார். கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது. நான் மணி பார்த்தேன். வண்டி இப்போதே கிளம்ப வேண்டும். குழந்தை அடங்கும்வரை கிளம்பக் கூடாது. இரண்டும் ஒன்றாக மனதில் ஓடியது. சாமியிடம் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

குழந்தை தேம்பலுக்கு இறங்கியது. ஆசாரி ஊசியைக் கிட்டே கொண்டுபோனார். வண்டி குலுங்கியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பேஜாரா போச்சு" என்றார்.

அதற்குப் பிறகு வண்டி எங்கேயும் சரியாக நிற்கவில்லை. நின்ற இடத்தில் ஜனம் ஏறி இறங்கத்தான் நேரம் இருந்தது.

"பேசின்பிரிட்ஜ் அவுட்டர்ல நிக்கும்" என்றேன். அங்கே நிற்காத வண்டியை நான் பார்த்ததில்லை. எல்லாரும் தயாராக இருந்தோம். ஆசாரி காதில் போடும் கம்பியை விரலில் பிடித்தபடி இருந்தார். சிக்னல் பச்சையாக இருந்தது. வண்டி நேராக உள்ளே போனது.

சென்ட்ரலில் இறங்கும்போது ஒன்றரையைத் தாண்டிவிட்டது.

"ஓடு" என்றேன்.

அவன் அக்காவைப் பார்த்தான். காலையிலிருந்து யார் சொல்லியும் கேட்காதவள் அவள். இப்போது அவளே சொன்னாள்.

"போடா. ஒரு காது உன் மடியில ஆயிடுச்சு. போதும். வேலையப் பாரு."

அவன் ரெண்டு அடி வைத்தான். நின்றான். திரும்பி வந்து குழந்தையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்தான். கப்பலுக்குப் போட்டுப் போகிற வெள்ளைப் பேண்ட்டோடு.

"ஒத்தக் காதோட உட்டுட்டுப் போனா எனக்கு சோறு எறங்காதுக்கா. ஆசாரி, குத்துங்க."

ஜனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. தலையில் பெட்டி சுமந்து வந்தவர் "வழி, வழி" என்று கத்தினார். ஆசாரி முட்டி போட்டார். குழந்தை களைத்துப்போய் மாமன் மார்பில் முகம் வைத்திருந்தது. குத்தினது தெரிந்ததும் கத்தியது. அதற்குள் கம்பி வளைந்து முடிந்தது. அவன் ரெண்டு காதையும் ஒரு தடவை பார்த்தான். எழுந்தான்.

ஆட்டோவில் நானும் ஏறினேன். பாரிமுனை தாண்டி லாரி குறுக்கே நின்றது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அவன் குதித்துவிட்டான். நான் பின்னால் ஓடினேன். எனக்கு மூச்சு வாங்கியது. அவன் வாசலில் கார்டைக் காட்டி உள்ளே போவது மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வாசல் எதிரே நிழலில் நின்றேன். இரண்டு அடித்துவிட்டது. போன் வரவில்லை. காவல்காரர், "யாருக்குப்பா வெயிட்டிங்?" என்றார். "கப்பலுக்கு" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

பிறகு வந்தது.

"ஏறிட்டேன் மாமா."

"நேரத்துக்கா?"

"கொஞ்சம் பிந்திட்டேன். பேர எழுதிக்கினாங்க. இன்னொருவாட்டி எழுதினா அனுப்பிடுவாங்களாம். சட்டையில இன்னா ரத்தம்னு கேட்டான் மேலதிகாரி. அக்கா பொண்ணு காதுன்னேன். அவனுக்கு ஒண்ணும் புரியல. இன்னாடா, அக்கா பொண்ணு காதக் கடிச்சியான்றான்."

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு போனை வைத்துவிட்டோம்.

நடந்தே சென்ட்ரல் வந்தேன். அதே பிளாட்பாரத்தில் ஒரு தூணடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தோளில் தூங்கியது. காது ரெண்டும் சிவந்திருந்தது.

"ஏறிட்டானா?"

"ஏறிட்டான்."

பேர் எழுதியதைச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆசாரி மூன்று டீயைக் கைகளில் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், மெதுவாக வந்துகொண்டிருந்தார்.