அமிர்தவல்லியின் கொய்யாவும் இரண்டு விருந்தாளிகளும்

அந்தமானில், புரோத்ராபூரில் அமிர்தவல்லியை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் பியூன் வேலை பார்த்து ரிட்டயரான வாய் அது. தமிழில் தொடங்கி இந்தியில் முடிக்கும். அந்த வாய்க்குப் பயந்துதான் பக்கத்து வீட்டு அன்பழகன், வௌவால்கள் தொங்குகிற தன் பாதாம் மரத்தை வெட்டச் சம்மதித்தான்.

காரணம், அவள் வளர்த்த கொய்யா. பழுக்கிற பழமெல்லாம் குடைந்து கிடந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? "மூஞ்சியப் பாரு, தலைகீழாத் தொங்குற சனியன்! இதுங்களைத் தவிர எவன் தின்பான்?" என்று தெருவுக்கே கேட்கத் திட்டினாள். கொண்டைக்குருவி என்றால் மட்டும் உருகிவிடுவாள். சிலுப்பிய கொண்டையும் சிவந்த கன்னமுமாக அது மதிலில் வந்து பாடினால், "ஆவோ ராஜா, வா வா" என்று தினமும் கொய்யாத் துண்டு நறுக்கி வைப்பாள்.

மீன்பிடிக்கிற வியாகுலம் பழைய வலை ஒன்று கொடுத்தார். சாயங்காலம் அதைக் கொய்யாவைச் சுற்றிக் கட்டுவாள். விடிந்ததும் அவிழ்த்துவிடுவாள், ராஜாவின் கால் மாட்டிக்கொள்ளக் கூடாதாம். மத்தியானம் பார்த்தால் பழம் குடைந்திருக்கும். "வலைக்குள்ளயும் பூந்துடுது பாரேன்!" என்று அன்பழகனை இன்னும் அவசரப்படுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரம்பத்தோடு ஆள் வந்து மரமேறினான். அதைப் பார்க்கிற சந்தோஷத்தில் அமிர்தவல்லி வலையை அவிழ்த்துவிட்டு, டீயும் கையுமாக வாசலிலேயே நின்றாள். கொய்யாவில் நாலு பழம் கீறல்கூட இல்லாமல் தொங்கின. ராஜா வந்தது. மதிலில் உட்காரவில்லை, நேரே கிளைக்குப் போய், பழத்துக்குள் தலையை விட்டுக் குடைந்தது. அடுத்த பழத்தில் அதன் ஜோடி.

அவள் டீயைக் கீழே வைத்தாள். ஓடிப்போய்ப் பாதாம் மரத்தடியைப் பார்த்தாள். வௌவால்கள் மென்று துப்பிய சக்கையெல்லாம் பாதாம் பழத்தினுடையது. கொய்யா விதை ஒன்றுகூட இல்லை.

அதற்குள் முதல் கிளை மடாரென்று விழுந்தது. வௌவால்கள் வெயிலில் தடுமாறிப் பறந்தன. ஒன்றின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ருக்கோ! அட நிறுத்துய்யா!"

"என்னக்கா?" என்று அன்பழகன் பதறி ஓடிவந்தான்.

"தப்பு என்னுது தம்பி. தின்னது என் குருவி. நறுக்கி வெச்சு ருசி பழக்கினதும் நான்தான்." அவள் அண்ணாந்து வௌவால்களைப் பார்த்தாள். "என்னையப் பொண்ணு பாக்க வந்தவன் மூணு பேரு, மூஞ்சியப் பாத்துட்டு டீகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனானுங்க. அந்த வலி தெரிஞ்ச நானே இதுங்களுக்கு அதையே செஞ்சிட்டேனே!"

அன்பழகன் மரத்தில் இருந்தவனைக் கீழே இறங்கச் சொன்னான். குட்டியைச் சுமந்த வௌவால் திரும்பி வந்து தொங்கும்வரை அமிர்தவல்லி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.