பணிப்பாளர் கனடாவில் நிற்கிறார்

கிளிநொச்சியில் சின்னச் சின்ன அலுவலகங்களுக்கு ஈமெயில் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஆள் லீவில் போனால், வருகிற மடல்களுக்குத் தானாகப் பதில் போகும்படி செட்டிங் செய்வதும் அதில் அடக்கம். ஐந்து நிமிட வேலை. எழுத வேண்டியவை மூன்றே விஷயங்கள்: எந்தத் திகதிவரை ஆள் இல்லை, அவசரத்துக்கு யாரிடம் கேட்பது, அவருடைய நம்பர் என்ன. இந்த மூன்றையும் எழுதுவிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்த வேலைக்கு வருகிற இளம் பிள்ளைகளுக்காக ஒரு கதையை மட்டும் சொல்கிறேன்.

1. கலியாணம்

கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் கிடைக்க உதவுகிற சங்கம் அது. இரண்டு அறை, ஒரு கொம்பியூட்டர், ஒரு பணிப்பாளர், தர்சினி என்று ஒரு கிளார்க். வேலை முழுக்கத் தர்சினியின் தலையில். ஈமெயில் பாஸ்வேட் மட்டும் பணிப்பாளரின் டயரிக்குள். கடிதத் தலைப்பில் இருந்த நம்பரும் அவருடைய கைபேசிதான். கொழும்பிலிருந்து வருகிற மடலை வேறொருவர் முதலில் பார்த்துவிட்டால் மனிதனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் கூப்பிட்டார். "தங்கச்சியின்ர மகளின்ர கலியாணம். கனடாவுக்குப் போறன், மூண்டு கிழமை. ஓட்டோ ரிப்ளை ஒண்டு போட்டு விடும். கனடா எண்டது கட்டாயம் வரவேணும், என்ன?"

பெயருக்குக் கீழே சமாதான நீதவானில் தொடங்கி கோயில் பரிபாலன சபைப் போசகர் வரை எட்டு வரி சொன்னார். எல்லாவற்றையும் அடித்தேன்.

"ஐயா, அவசரத்துக்குத் தர்சினியின்ர பேரையும் நம்பரையும் போடுவம்."

முகம் கறுத்துவிட்டது. "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? அவா கிளார்க். என்ர கதிரையில அவாவை இருத்திப்போட்டுப் போகச் சொல்லுறீரோ? பணிப்பாளர் வந்து நேரடியாகக் கவனிப்பார் எண்டு போடும், காணும்."

தர்சினி பக்கத்து மேசையில்தான் இருந்தார். பெரிய மனிதனோடு வாய் கொடுப்பானேன் என்று நானும் 'சேவ்' பட்டனை அமத்தினேன். தந்த பிளேன்டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

2. வவுனியா

வட்டக்கச்சிச் சிவமலருக்கு வலது முழங்காலுக்குக் கீழே இல்லை. பழைய செயற்கைக் கால் வெடித்து, அதற்குத் துணி சுற்றிக்கொண்டு நடந்தார். இரண்டு ஏக்கர் வயலைத் தனியே பார்க்கிறவர். மாரி மழையோடு தொடங்குகிற காலபோக விதைப்புக்கு முன்னர் புதுக் கால் வேண்டும். பொல்லை ஊன்றிக்கொண்டு ஈர வரம்பில் நடக்க முடியாது. கொழும்பிலிருந்து கால் பொருத்துகிற குழு வவுனியாவுக்கு வர இருந்தது. பட்டியலில் இவர் பெயரும் உண்டு. நாள் மட்டும் மடலில் வரவேண்டும். ஒன்றுவிட்ட ஒருநாள் பஸ் ஏறி வந்து கேட்பார்.

"பிள்ளை, நாள் வந்திட்டுதோ?"

"ஈமெயில் ஐயாவிட்ட அக்கா. கேட்டுச் சொல்லுறன்."

பணிப்பாளர் விட்டுப்போன கனடா வீட்டு நம்பருக்குத் தர்சினி கோல் எடுத்தால் ஒரே பதில்தான். "கலியாண வீட்டில நிக்கிறன் பிள்ளை. வந்து பாப்பம்."

நான் அங்கே பிரின்டர் திருத்தப் போயிருந்த நாளில் சிவமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மல்லாவி ஆக்கள் எல்லாம் போய்க் கால் போட்டுக்கொண்டு வந்திட்டினம். என்ர பேர் எங்க?"

தர்சினி அழத் தொடங்கிவிட்டார். நான் கனடாவுக்கு எடுத்து, வாயில் வந்தபடி ஏசி, பாஸ்வேட்டை வாங்கினேன்.

இரண்டு மடல்கள் கிடந்தன. முதலாவதில் நாளும் இடமும் இருந்தன. சிவமலர் வருவாரா என்று புதன்கிழமைக்குள் அறிவிக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கு நமது பதில் உடனேயே போயிருந்தது: எட்டு வரிப் பட்டம், கனடா, நேரடியாகக் கவனிப்பார். இரண்டாவதில், கைபேசியும் வேலை செய்யவில்லை, இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கிறோம் என்று இருந்தது. அதற்கு அந்தப் பதிலும் போகவில்லை. ஒரே ஆளுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறைதான் அது போகும்.

வாசித்துக் காட்டினேன். சிவமலர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவர் கனடாவில நிக்கிறார் எண்டு சொல்லத் தெரிஞ்ச மெசினுக்கு, நான் வட்டக்கச்சியில நிக்கிறன் எண்டு சொல்லத் தெரியேல்லையோ அண்ணை?"

மெசின் என்ன செய்யும்? நான் அடித்ததைத்தான் அது சொன்னது.

3. பிறகு

பணிப்பாளர் சொக்லேற் பெட்டியோடு வந்து இறங்கினார். "ரிப்ளை போனதுதானே? பிறகென்ன பிரச்சினை?" என்றார். சீ, என்ன மனிதன்! அடுத்த முறை அந்தக் குழு வந்தபோது அறுவடையே முடிந்திருந்தது. அந்தப் போகம் சிவமலரின் வயலை வேறொருவர் விதைத்தார். சிவமலர் பொல்லோடு வீதிக்கரையில் நின்று பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் கீபோட்டைத் தொடுவதற்கு முன்னர் ஒன்று கேட்பேன்: "நீங்கள் இல்லாத நேரம் ஆர் பாப்பினம்?" பெயர் சொல்லாவிட்டால் எழும்பி வந்துவிடுவேன். இவ்வளவுதான் நான் படித்த பாடம். அதையும் இன்னொருவரின் காலில்தான் படித்தேன்.

அண்மையில் அதே பணிப்பாளர் கூப்பிட்டார். இந்த முறை அவுஸ்திரேலியா. "முதல்ல தர்சினியின்ர நம்பரைப் போடச் சொல்லுங்கோ ஐயா, வாறன்" என்றேன். போனை வைத்துவிட்டார். போன கிழமை அந்த முகவரிக்கு ஒரு மடல் போட்டுப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. பணிப்பாளர் அவுஸ்திரேலியாவில் நிற்கிறார். பட்டம் இப்போது ஒன்பது வரி. தர்சினியின் பெயர் இல்லை.

அதைப் போட்டுக் கொடுத்தது உங்களில் யாரோ ஒருவர். தம்பியோ தங்கச்சியோ, சிவமலர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இனி நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.